சேர் வாங்கும் முன் கீபோர்டு வாங்குங்க! - வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கான வலி நிவாரணக் கையேடு

காலை 9.20-க்குக் கண் விழித்து, 9.30 மணி காலுக்காகக் கட்டிலிலேயே லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். கேமரா ஆஃப். இரண்டு தலையணைகளைச் சுவரில் அண்டக்கொடுத்து, மடியில் லேப்டாப். 'இந்த கால் முடிஞ்சதும் டேபிளுக்குப் போயிடலாம்' என்றுதான் நினைப்பு. ஆனால், அது முடிந்ததும் இன்னொரு கால். பதினொரு மணிக்கு அம்மா காபி டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார். மதியச் சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே வந்துவிடுகிறது. சாயங்காலம் எழுந்து நிற்கும்போது கழுத்தில் ஒரு பிடிப்பு, இடுப்பில் ஓர் இழுப்பு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தால், ஹாலில் இருந்து தாத்தாவின் குரல்... ''என்ன கண்ணு, இருபத்தஞ்சு வயசுலயே எனக்குப் போட்டியா?''

சிரிப்பு வருகிறதா, வலிக்கிறதா? இரண்டுமே என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆபீஸ் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். லேப்டாப் வந்தது, ஆபீஸ் நாற்காலியும் மேசையும் வரவில்லை. 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று கட்டிலிலும் டைனிங் டேபிளிலும் பிளாஸ்டிக் சேரிலும் உட்கார்ந்தோம். அதன்பிறகு ஊரடங்கு போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாளோ, மாதம் முழுவதுமோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பது மட்டும் பலருக்கு நிலைத்துவிட்டது. அந்தத் தற்காலிக ஏற்பாடும் அப்படியே நிலைத்துவிட்டது. வலி தொடங்குவது அங்கேதான்.

'எர்கனாமிக்ஸ்' என்ற வார்த்தையைச் சேர் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் 1857-ல் உருவாக்கிய சொல் அது. கிரேக்க மொழியில் 'எர்கோன்' என்றால் வேலை, 'நோமோஸ்' என்றால் விதி. இதன் சாரம் ரொம்ப எளிது: வேலைக்கு ஏற்றபடி ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமை. டெய்லர் நம் அளவை எடுத்துத்தானே சட்டை தைக்கிறார்? மேசை, நாற்காலிக்கும் அதே கதைதான். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

ஆபீஸில் வராத வலி வீட்டில் ஏன் வருகிறது?

ஆபீஸ் நாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பஸ் ஸ்டாப் வரை நடை, லிஃப்ட்டுக்கு நிற்பது, டீ குடிக்கக் கூட்டமாகப் போவது, மீட்டிங் ரூமுக்கு ஓடுவது, கேன்டீன் வரிசை, 'ஒரு நிமிஷம் வா' என்று பக்கத்து சீட்டுக்குப் போவது. உடற்பயிற்சி என்று நாம் கணக்கில் வைக்காத இந்த அசைவுகள்தான் முதுகைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. வீட்டில் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையே பத்தடி. அவ்வளவுதான் நடை.

இரண்டாவது காரணம், லேப்டாப்பின் பிறவிக் குறை. அதில் ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்தால், டைப் அடிக்கக் கையைத் தூக்க வேண்டும். கழுத்தும் தோளும் ஒரே நேரத்தில் நிம்மதியாக இருக்க, தனி லேப்டாப் ஒருபோதும் அனுமதிக்காது. எவ்வளவு விலை கொடுத்துச் சேர் வாங்கினாலும் இந்தக் குறை தீராது. ஆனால், தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் இருந்தால், லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றிவிட்டு, கையைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். வயர் வைத்த சாதாரண ஜோடி ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. தலைப்பில் சொன்னது இதனால்தான்.

கழுத்து குனிந்தால் என்ன ஆகிறது? நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மீதான சுமை 12 கிலோ அளவுக்கு உயர்கிறது. மடியில் இருக்கும் போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால், 27 கிலோ. அதாவது, ஒரு 25 கிலோ அரிசி சிப்பத்தைவிட அதிகம்! இது மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கே தவிர, உயிருள்ளவர்களின் கழுத்தில் நேரடியாக அளந்தது இல்லை. அதனால், 'குனிஞ்சாலே கழுத்து போச்சு' என்று பயப்பட வேண்டாம். குனிவதற்காகத்தான் கழுத்து இருக்கிறது. குனிந்தபடியே மணிக்கணக்கில் இருப்பதுதான் சிக்கல்.

'நேரா உட்காரு' என்பது சரியா?

சின்ன வயதிலிருந்தே ஸ்கூலிலும் வீட்டிலும் இதைக் கேட்டு வளர்ந்திருப்போம். ஆனால், ஸ்கேல் வைத்தாற்போல 90 டிகிரியில் விறைப்பாக உட்காருவதும் முதுகுக்கு அவ்வளவு நல்லதில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை வெவ்வேறு நிலைகளில் உட்காரவைத்து எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான அதன் முடிவில், 90 டிகிரியில் நிமிர்ந்து உட்கார்ந்ததைவிட, பாதம் தரையில் இருக்க 135 டிகிரி சாய்ந்து உட்கார்ந்தபோது முதுகெலும்பு டிஸ்க்குகளில் அழுத்தத்தின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. அதற்காக அவ்வளவு சாய்ந்துகொண்டு டைப் அடிக்க முடியாது. 100 முதல் 110 டிகிரி வரை லேசாகச் சாய்ந்து, முதுகை நாற்காலியிடம் ஒப்படைப்பது நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து, கையை முன்னால் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முதல் நிமிடம் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது நிமிடம் கை நடுங்கும். எடை கூடவில்லை, தசைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. கழுத்திலும் தோளிலும் நாள் முழுவதும் நடப்பது இதுதான். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகளோ இன்னும் பாவம். பெரியவர்களுக்கு அவற்றின் உள்பகுதியில் ரத்தக் குழாய்களே கிடையாது. சுற்றியுள்ள திசுக்களில் இருந்து ஊறி வரும் சத்தைத்தான் அவை நம்பியிருக்கின்றன. உடம்பு அசைவது அதற்கு உதவுகிறது.

நம் ஊர் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்றபடியே வேலை பார்ப்பவர்களின் கால் வலி தெரிந்ததுதானே? அதற்காகவே 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. அவர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டியது எழுந்து நிற்கும் உரிமை. ஒரே நிலையில் நிற்பதும் தொல்லை, ஒரே நிலையில் உட்காருவதும் தொல்லை. எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும், அரை மணி நேரத்துக்கு மேல் அதிலேயே இருக்காதீர்கள்.

மேசையை உங்கள் அளவுக்குத் தைப்பது எப்படி?

முழங்கையில் இருந்து தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கையை 'ட' போல மடக்குங்கள். அந்த உயரத்தில், அல்லது அதைவிடக் கொஞ்சம் கீழே கீபோர்டு இருக்க வேண்டும்.

இங்கேதான் டைனிங் டேபிள் ஏமாற்றும். அது பொதுவாக இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ உயரம். நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள ஒரு பெண் அதில் உட்கார்ந்தால், அவர் முழங்கை தரையில் இருந்து ஏறக்குறைய 67 செ.மீ உயரத்தில் இருக்கும். மேசை அதைவிட 8 செ.மீ மேலே. அந்த 8 செ.மீ-ஐ ஈடுகட்ட நாள் முழுவதும் தோளைத் தூக்கியபடியே டைப் அடிப்பார். 'தோள்பட்டை ஏன் கல்லு மாதிரி இருக்கு?' என்ற கேள்விக்கு இதுதான் விடை.

மேசையை வெட்ட முடியாது. உங்களை உயர்த்திக்கொள்ளலாம். அமுங்காத கெட்டியான குஷனோ, நான்காக மடித்த ஜமுக்காளமோ போட்டு உட்காருங்கள். இப்போது கால் தொங்கும். பாதத்துக்குக் கீழே ஒரு மணைப்பலகையோ, கட்டிவைத்த பழைய பேப்பர் கட்டோ வையுங்கள். பாதம் முழுவதும் பதிய வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி வேண்டும்.

அடுத்து கண். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, சற்றே கீழேயோ இருக்கட்டும். தூரம், கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு. செமஸ்டர் முடிந்த பிறகு திறந்தே பார்க்காத இன்ஜினீயரிங் புத்தகங்கள் இருந்தால், அவற்றுக்கு மறுவாழ்வு கொடுங்கள். லேப்டாப்பின் காற்றுத் துவாரங்கள் மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இடுப்பு. குளியல் துண்டைச் சுருட்டி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே வையுங்கள். முதுகு முழுவதையும் தள்ளும் பெரிய தலையணை வேண்டாம்.

மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும். எட்டி எட்டிப் பிடித்தால் தோள் வலிக்கும். மணிக்கட்டு மேலே மடங்காமல் நேராக இருக்க வேண்டும். கீபோர்டின் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை உயர்த்திவைத்தால் மணிக்கட்டு இன்னும் மேல்நோக்கி வளையும்.

கடைசியாக வெளிச்சம். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருப்பது நல்லது. ஸ்கிரீனில் கூச்சம் இருந்தால், நம்மை அறியாமலேயே முன்னால் குனிந்து உற்றுப் பார்ப்போம். எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே பாதி குனிவு குறைந்துவிடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மாடியில் காயும் துணியாக இருந்தாலும் சரி.

மேசையே இல்லையா?

தரையில் உட்காருவது தப்பே இல்லை. பழைய மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் தரையில் அமர்ந்து, சாய்வான சின்ன மேசையை முன்னால் வைத்துத்தான் பேரேடு எழுதினார்கள். அவர்களிடம் இருந்த சாய்வு மேசை நம்மிடம் இல்லை என்பதுதான் வித்தியாசம். மடக்கு டேபிள் ஒன்றை முன்னால் வையுங்கள். மடித்த போர்வை மேல் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். சம்மணத்தில் காலை அடிக்கடி மாற்றிப்போடுங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் தரையைத் தவிர்ப்பது நல்லது.

கட்டிலில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால், கேட்க மட்டும் செய்யும் மீட்டிங்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டைப் அடிக்கும் வேலைக்குக் கட்டில் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் பேசியாக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு மேசை இருந்து, கணவன், மனைவி இரண்டு பேருமே வேலை பார்த்தால் அந்த மேசை யாருக்குப் போகிறது? அண்ணனும் தங்கையும் என்றால்? பல வீடுகளில் 'அவனுக்கு முக்கியமான கால் இருக்கு' என்று மேசை அந்தப் பக்கம் போய்விடும். பெண்கள் கட்டிலிலும் கிச்சன் ஓரத்திலும் லேப்டாப்பை வைத்துச் சமாளிப்பார்கள். வேலை முடிந்ததும் அதே மணிக்கட்டோடு மாவு பிசையவும் துணி பிழியவும் போவார்கள். வலி அதிகமாவதில் என்ன ஆச்சர்யம்? மேசைக்கு நேரம் பிரியுங்கள். காலை ஒருவர், மதியம் ஒருவர். உட்கார்ந்து பேசி முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும். கூடவே, மானிட்டர், சேர், கீபோர்டுக்கு உங்கள் நிறுவனம் உதவுமா என்று ஹெச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். அது உங்கள் வேலைக்கான கருவி.

எங்கே வலிக்கிறது?

எல்லா வலியையும் 'வாயுப் பிடிப்பு' கணக்கில் சேர்க்காதீர்கள். வலிக்கும் இடமே காரணத்தைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

பின்கழுத்து, தோள்பட்டை: ஸ்கிரீன் தாழ்வாக இருக்கலாம், மேசை உயரமாக இருக்கலாம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிப் பேசும் பழக்கம் இருந்தால், இன்றே இயர்போனுக்கு மாறுங்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போதல்: மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கப் பாதை இருக்கிறது. அதன் வழியாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. அங்கே இடம் நெருக்கடியானால் நரம்பு நசுங்கும். இதுதான் கார்ப்பல் டனல் பிரச்னை. ராத்திரியில் கை மரத்து எழுந்து உதறுவது இதன் முக்கிய அடையாளம். கர்ப்பிணிகள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்ப்பு அதிகம். பழியை கீபோர்டின் மேலேயே போட்டுவிட்டு இருக்காமல், டாக்டரிடம் காட்டுங்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால்: அந்த விரல்களுக்கான நரம்பு முழங்கையின் உள்பக்கமாகப் போகிறது. இடித்துக்கொண்டால் 'ஷாக்' அடிக்குமே, அதே நரம்புதான். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதையும், மடக்கியபடியே நெடுநேரம் போனைப் பிடிப்பதையும் குறையுங்கள்.

கட்டை விரலின் அடிப்பகுதி: போனில் ஒற்றைக் கட்டை விரலால் டைப் அடிப்பதும் ஸ்க்ரோல் செய்வதும் வலியைக் கிளப்பும். குழந்தையை அடிக்கடி தூக்கும் இளம் தாய்மார்களுக்கும் இது வரும். போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலைப் பயன்படுத்துங்கள். நீளமான மெசேஜ்களுக்கு வாய்ஸ் டைப்பிங் இருக்கவே இருக்கிறது.

கீழ் முதுகு: முதுகுக்குச் சாய்மானம் இல்லாதது, பாதம் தொங்குவது, நெடுநேரம் எழாமல் இருப்பது. வலி பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்வதுபோல இறங்கினால், அது நரம்பு தொடர்பானதாக இருக்கலாம். பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸ் வைத்து உட்காரும் ஆண்கள், முதலில் அதை எடுத்து மேசையில் வையுங்கள்.

எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டும்!

'அரை மணிக்கு ஒருமுறை எழுந்திரு' என்று அலாரம் வைத்தால், இரண்டாம் நாளே அதை ஆஃப் செய்துவிடுவோம். அதனால், வீட்டையே அலாரமாக்குங்கள்.

இரண்டு லிட்டர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், சின்ன டம்ளரை வையுங்கள். தீர்ந்ததும் எழுந்துதான் ஆக வேண்டும். நிறைய குடித்தால் பாத்ரூமுக்கும் எழுந்தாக வேண்டும். சார்ஜரை அடுத்த அறையில் வையுங்கள். கேமரா தேவைப்படாத கால்களை மொட்டை மாடியிலோ, ஹாலிலோ நடந்துகொண்டே பேசுங்கள். குக்கர் விசில் சத்தம் கேட்டால், எண்ணுவது யாராக இருந்தாலும் நீங்களும் எழுந்து நில்லுங்கள். காபியை அறைக்கு வரவழைக்காமல், நீங்களே போய்க் குடியுங்கள். அம்மாவுக்கும் ஒரு நடை மிச்சம்.

எழுந்த சமயத்தில் இவற்றைச் செய்யுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்தான்.

1. நாடி உள்ளே: நேராகப் பார்த்தபடி, நாடியை மட்டும் பின்னோக்கி இழுங்கள். இரட்டை நாடி விழும், விழட்டும். 5 விநாடி, 10 முறை.

2. தோள்பட்டை கூடல்: முதுகில் இருக்கும் இரண்டு பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒரு பென்சிலைப் பிடிப்பதாக நினைத்து இறுக்கித் தளர்த்துங்கள். 10 முறை.

3. வாசல் நிலை நீட்டல்: வாசல் நிலையின் இரண்டு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து நெஞ்சை முன்னால் தள்ளுங்கள். 20 விநாடி, 2 முறை.

4. மணிக்கட்டு நீட்டல்: கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மறு கையால் விரல்களை மெதுவாகக் கீழ்நோக்கி மடக்குங்கள். பிறகு மேல்நோக்கி. ஒவ்வொன்றும் 15 விநாடி.

5. கை ஊன்றாமல் எழுதல்: நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 10 முறை. தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட எளிய பயிற்சி இல்லை.

இழுவை தெரியலாம், வலி கூடக் கூடாது. கூடினால் நிறுத்திவிடுங்கள். இவை வலியைத் தணிக்கும். ஆனால், தசைகள் உறுதியாக இருந்தால்தான் வலி திரும்பி வராமல் இருக்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 20 நிமிடத்துக்கு மேல் வேகமாக நடந்தாலே அந்த 150 வந்துவிடும்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

சலூனில் கழுத்தை முறிப்பது: முடி வெட்டிய கையோடு கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே... வேண்டவே வேண்டாம். அரிதாக, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை கொண்டுபோயிருக்கிறது. 'தம்பி, கழுத்து மட்டும் வேணாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தினமும் வலி மாத்திரை: மெடிக்கலில் கேட்டு வாங்கி, வாரக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

நாள் கணக்கில் படுத்தே கிடப்பது: சாதாரண முதுகுவலிக்கு முழு ஓய்வு மருந்தல்ல. முடிந்த அளவு நடமாடுபவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். பெல்ட்டும் காலரும் டாக்டர் சொன்ன நாள்களுக்கு மட்டும்தான்.

'கட்டாந்தரையில படு, சரியாயிடும்': நாள்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படுவது: 'டிஸ்க் பல்ஜ்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கூகுளில் தேடித் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது! தலைமுடி நரைப்பதுபோல டிஸ்க்கிலும் மாற்றங்கள் வரும். ரிப்போர்ட்டோடு உங்கள் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பெரும்பாலான வலிகள், மேசையை மாற்றி, அசைவைக் கூட்டினால் சில வாரங்களில் குறைந்துவிடும். இரண்டு மூன்று வாரமாகியும் குறையவில்லை, அல்லது கை, கால் மரத்துப்போவது தொடர்கிறது என்றால், எலும்பு, மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு.

கீழே இருப்பவை வேறு ரகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது

* தொடையின் உள்பக்கம், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போவது

* கையோ காலோ பலமிழந்து, பொருள்கள் நழுவுவது, செருப்பு தானாகக் கழன்றுபோவது

* கீழே விழுந்த பிறகோ, விபத்துக்குப் பிறகோ வந்த கடும் வலி

* காய்ச்சலோடு வரும் வலி

காரணமில்லாத எடைக்குறைவு, தூங்கவிடாமல் நாளுக்கு நாள் கூடும் ராத்திரி வலி இரண்டையும் தள்ளிப்போடாமல் அந்த வாரத்திலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கழுத்து, தோள், இடது கை வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால், அது உட்காரும் முறையால் வந்த வலி என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இளம் வயதுதானே என்ற தைரியமும் வேண்டாம்.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை

இவ்வளவையும் நாளைக்கே செய்ய வேண்டாம். செய்யவும் மாட்டோம். தூங்கும் முன், லேப்டாப்பைக் கட்டிலில் இருந்து எடுத்து, அதன் நாளைய இடத்தில் வைத்துவிடுங்கள். அடியில் நாலு புத்தகம், எதிரே ஒரு நாற்காலி, நாற்காலியில் சுருட்டிய துண்டு. காலை 9.20-க்கு எழுந்தாலும் பரவாயில்லை. லேப்டாப் கட்டிலில் இல்லை என்றால், பத்தடி நடந்துதான் ஆக வேண்டும். கீபோர்டை அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

25 வயதில் நாம் தள்ளிப்போடும் வலி, 35-ல் நம் வேலையையும் தூக்கத்தையும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் சந்தோஷத்தையும் பங்குகேட்டு வரக்கூடாது அல்லவா?

சரி, இதைப் படித்து முடிக்க எப்படியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். போனைக் கீழே வையுங்கள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வழியில் தாத்தாவைப் பார்த்தால், அவரையும் சேர்த்து மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்!